வகுப்பு நிற்காமல் மேல்தளம் சீரமைத்தல்: பொதுக் கட்டடங்களின் ஒழுகலை நிறுத்துவதற்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிளை நூலகங்கள், ஊராட்சி அலுவலகங்கள் பலவற்றிலும் மேல்தளம் ஏறத்தாழ ஒரே விதமாகவே அமைந்திருக்கும். அடியில் கம்பி கட்டிய காங்கிரீட் தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய சுருக்கி, அதற்கும் மேலே சிமெண்ட் கலவையில் பதித்த தட்டோடு. முறையாகப் போட்டுக் கவனித்துவந்தால் இது பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய நல்ல அமைப்பு. ஆனால் இந்தக் கட்டடங்களில் பல ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒழுகுகின்றன; ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒன்று பூசப்படுகிறது; அடுத்த ஐப்பசியில் மீண்டும் ஒழுகுகின்றன.

புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பொறியாளர், கட்டடத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் தலைமையாசிரியர் அல்லது மருத்துவ அலுவலர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், முதன்முறையாக இத்தகைய பணியை எடுக்கும் சிறு ஒப்பந்ததாரர் ஆகியோரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. எந்தப் பொருளைப் பூசுவது என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் கணிப்பில் அது நான்காவது கேள்வி. எந்த மாதத்தில் தொடங்குவது, தளம் எடை தாங்குமா, தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் பூச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

மழைக்காலத்தில் தொடங்கும் ஆய்வு

ஒழுகும் கட்டடத்தைக் கோடையில் போய்ப் பார்ப்பதால் பாதி உண்மைதான் தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில், நல்ல மழை ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களை மேல்தளத்திலும், சொட்டும் இடங்களையும் ஓதம் ஏறிய இடங்களையும் கீழே கூரையின் அடிப்பகுதியிலும் குறித்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கதை பெரும்பாலும் தெளிந்துவிடும். படம் எடுக்கும்போது எந்த அறை, எந்த மூலை என்பது தெரியும்படி எடுப்பது நல்லது. ஈரச்சுவரின் நெருங்கிய படங்கள் ஆறு மாதம் கழித்து எந்தச் சுவருடையவை என்று யாருக்கும் நினைவிருக்காது.

கறை இருக்கும் இடமே காரணத்தைக் காட்டும். சுவரும் கூரையும் சேரும் ஓரம் நெடுக ஓதம் இறங்கியிருந்தால் கைப்பிடிச் சுவரின் அடி ஓரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அறையின் நடுவில், மின்விசிறிக் கொக்கியை ஒட்டிச் சொட்டினால், காங்கிரீட்டுக்குள் புதைத்த மின்குழாய் வழியாகத் தண்ணீர் பயணம் செய்திருக்கலாம். மேலே விரிசல் இருக்கும் இடம் அங்கிருந்து பல அடி தள்ளி இருக்கும். அப்படிப்பட்ட அறையில் மின் இணைப்பை அன்றே துண்டித்துவிடுவது கட்டாயம். மழையே இல்லாத மார்ச் மாதத்திலும் ஈரமாக இருக்கும் இடத்தை மழை ஒழுகல் என்று எண்ணக் கூடாது. மேல்நிலைத் தொட்டியின் நிரம்பு குழாய், கழிவறைக் குழாய், குளிர்சாதனப் பெட்டியின் கழிவுநீர் ஆகியவற்றில் ஒன்றே அங்கே காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் தளம் முழுவதும் பூசினால் செலவு மட்டுமே மிஞ்சும்.

நாள்காட்டியை முதலில் எழுதுங்கள்

பள்ளியைப் பொறுத்தவரை ஆண்டுத் தேர்வு முடியும் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை உள்ள கோடை விடுமுறையே பெரிய வாய்ப்பு. வகுப்பறைகள் காலியாக இருக்கும். தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். உடைக்கும் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது. செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறையை நம்பிப் பெரிய வேலையைத் தொடங்குவது ஆபத்து, ஏனென்றால் அந்த விடுமுறை முடிவதற்கும் பருவமழை தொடங்குவதற்கும் இடையே அதிக நாள் இருக்காது.

மே மாதத்தில் வேலை தொடங்க வேண்டுமென்றால் மழைக்கால ஆய்வு டிசம்பருக்குள் முடிந்து, மதிப்பீடு ஜனவரியில் தயாராகி, ஒப்புதலும் ஒப்பந்தப்புள்ளியும் ஏப்ரலுக்குள் நிறைவேறியிருக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் கோப்பு அங்கே ஒருமுறை சிக்கும். தேர்தல் வரும் ஆண்டாக இருந்தால் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் புதிய பணிகள் நின்றுபோகும். நல்ல பொருளை வாங்கியும், நல்ல கொத்தனார் கிடைத்தும், கோப்பு தாமதமானதால் செப்டம்பரில் தொடங்கிப் பாதியில் மழையில் மாட்டிக்கொண்ட பணிகளே நான் பார்த்த தோல்விகளில் அதிகம்.

ஊருக்கு ஊர் நாள்காட்டி மாறும். கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி ஆகியவற்றில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே இறங்கிவிடுவதால், அங்கே மே மாத இறுதிக்குள் தளம் மூடப்பட்டிருக்க வேண்டும். பிப்ரவரியிலேயே சிறு பகுதிகளாகத் தொடங்குவது அறிவுடைமை. பள்ளிக் கட்டடம் வாக்குச்சாவடியாகவும், புயல் காலத்தில் நிவாரண முகாமாகவும் பயன்படுவதை மறந்துவிடக் கூடாது. நவம்பரில் சுற்றுவட்டார மக்கள் தங்க வரும் கட்டடத்தின் கூரை அக்டோபரில் பிரித்துக் கிடந்தால், அதன் பாதிப்பு மாணவர்களோடு நிற்காது. கோடையில் இன்னொரு சிக்கலும் உண்டு: சுருக்கிக்கும் சிமெண்ட் கலவைக்கும் நாள்தோறும் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும், ஆனால் மே மாதத்தில் வளாகத்தின் ஆழ்துளைக் கிணறு வற்றியிருக்கலாம். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

தளம் தாங்குமா?

திருநெல்வேலியில் 2021 டிசம்பரில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் பணி அதன்பிறகு மாநிலம் முழுவதும் விரைவுபடுத்தப்பட்டது. ஒழுகல் தடுப்புப் பணிக்கு வருபவர்கள் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். சீரமைக்கத் தகுதியற்ற தளத்தின்மேல் பூச்சுப் பூசினால், இடிக்க வேண்டிய கட்டடத்துக்கு நலமாக இருக்கிறதென்று சான்று கொடுத்ததாகிவிடும்.

கீழ்ப்பக்கக் காரையைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடத்தில் ஒரு சத்தமும், காங்கிரீட்டிலிருந்து பிரிந்த இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தமும் கேட்கும். அப்படிப்பட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் குறிக்க வேண்டும். கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தால், துரு முற்றிலும் போகும்வரை தேய்த்துப் பார்த்த பிறகுதான் எஞ்சியிருக்கும் கம்பியின் பருமன் தெரியும். அது கணிசமாக மெலிந்திருந்தால் முடிவைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விட்டுவிட வேண்டும். துருவின்மேலேயே கீழிருந்து சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது மிகவும் பரவலான பழக்கம், மிகவும் ஆபத்தானதும் அதுவே. துரு பெருத்து அந்தக் காரையை மீண்டும் தள்ளும். அது பிள்ளைகளின் தலைமேல் விழும்.

எடைக் கணக்கையும் போட வேண்டும். சுருக்கியின் எடை கனமீட்டருக்கு ஏறத்தாழ 1800 கிலோ என்று கொண்டால், சராசரி 90 மி.மீ. கனமுள்ள சுருக்கி சதுர மீட்டருக்கு 160 கிலோவுக்கு மேல் வரும். மக்கள் ஏறி நடக்கும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி வகுத்துள்ள நடமாட்டச் சுமையே சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. பழைய சுருக்கியை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு சுருக்கி போட்டால், கட்டியவர்கள் கணக்கில் கொள்ளாத முழுச் சுமை ஒன்றைத் தளத்தின் தலையில் நிரந்தரமாக ஏற்றுகிறோம். முப்பது ஆண்டுகளில் மூன்று முறை இப்படி ஏற்றிய கட்டடங்கள் உண்டு. ஆகவே ஓரிடத்தில் துளையிட்டு, தற்போது தளத்தின்மேல் எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம் என்று பார்க்காமல் மதிப்பீடு எழுதக் கூடாது.

தண்ணீர் போகும் வழி

மேல்தளத்தில் தண்ணீர் நிற்காவிட்டால் சுமாரான பூச்சும் உழைக்கும். நின்றால் விலை உயர்ந்த பூச்சும் சில ஆண்டுகளில் தோற்கும். அதனால் வாட்டமே இந்தப் பணியின் உயிர்.

நூறுக்கு ஒன்று என்ற வாட்டத்தை, அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவை, குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். எட்டு மீட்டர் அகலமுள்ள வகுப்பறைக் கட்டடத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகப் போக வேண்டுமென்றால், உயர்ந்த ஓரம் தாழ்ந்த ஓரத்தைவிட 80 மி.மீ. மேலே இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயான டியூப் லெவலால் மட்டம் எடுத்து, இரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் கலவைத் திட்டுகள் வைத்து, அவற்றின் உயரத்தை அளந்து எழுதிய பிறகே சுருக்கி போடத் தொடங்க வேண்டும். உயரம் கூடும் பக்கத்தில் எடையும் கூடுவதால், அகலமான கட்டடத்தில் நடுவிலிருந்து இரு பக்கமும் சரிவு கொடுப்பது எடையைக் குறைக்கும்.

அடுத்தது குழாய். மூன்று வகுப்பறைகளும் தாழ்வாரமும் கொண்ட ஒரு கட்டடத்தின் மேல்தளம் சுமார் 200 சதுர மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் அதன்மேல் ஒரு மணி நேரத்தில் 20,000 லிட்டர் தண்ணீர் விழும். 100 மி.மீ. விட்டமுள்ள மழைநீர்க் குழாய் ஒன்றுக்குச் சுமார் 40 சதுர மீட்டர் என்பது நடைமுறைக் கணக்கு. அதன்படி இங்கே ஐந்து குழாய்கள் வேண்டும். பழைய கட்டடங்களில் இரண்டே இருக்கும், அவற்றில் ஒன்றில் பந்தோ பறவைக் கூடோ அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரில் புதிய துளையிட்டுக் கூடுதல் குழாய் வைப்பது சிறு செலவுதான். நான் எந்த மதிப்பீட்டிலும் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். குழாயின் வாய் தளத்தைவிடத் தாழ்ந்து, சுற்றிலும் சிறு பள்ளமாக அமைந்து, கம்பிவலைத் தொப்பியுடன் இருக்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தானாகவே வெளியேறும்படி, தளத்துக்குச் சற்று மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு நிரம்பு துளையும் விட வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதால், கீழே இறங்கும் தண்ணீரை உறிஞ்சுகுழியில் சேர்ப்பதையும் இதே பணியில் சரிபார்த்துக்கொள்ளலாம். சுவரோரத்தில் கொட்டவிட்டால் கூரையில் நிறுத்திய ஓதம் அடித்தளத்தின் வழியாக ஏறி வரும்.

எந்த முறை எங்கே

சுருக்கியும் தட்டோடும் நம் வெயிலுக்குப் பழகியவை. சுருக்கி போடும் முறையை ஐ.எஸ். 3036 விளக்குகிறது. ஊறவைத்த செங்கல் ஜல்லி, நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, கடுக்காய் வெல்லம் ஊறிய தண்ணீர் என்று பழைய கொத்தனார்கள் செய்துவந்த கலவையைப் பலகையால் நாள்கணக்கில் அடித்து, பலகை துள்ளி எழும் அளவுக்கு இறுகிய பிறகு தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். இது தண்ணீரையும் தடுக்கும், அறைக்குள் இறங்கும் வெப்பத்தையும் குறைக்கும். ஆனால் அடிக்கும் சத்தம் நாள் முழுவதும் கேட்கும், பதப்படுவதற்குப் பல நாள் வேண்டும். எனவே விடுமுறைக்கு வெளியே இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டடம் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டிய இடங்களில் தூரிகையாலோ உருளையாலோ பூசும் நீர்மப் பூச்சுகளே பொருந்தும். அவற்றில் அக்ரிலிக் வகை மலிவு, பூசுவது எளிது; ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் அது மெல்ல மென்மையாகி உரிந்துவிடும், எனவே வாட்டம் சரியாக உள்ள தளத்துக்கு மட்டுமே ஏற்றது. பாலியூரித்தேன் வகை அதைவிட நீட்சியுடையது, தண்ணீர் தேங்குவதையும் தாங்கும், விலை அதிகம். சிமெண்ட் தூளும் பாலிமர்க் குழம்பும் கலந்து பூசும் இரட்டைப் பொதிப் பூச்சு, சுருக்கிக்கு அடியில் காங்கிரீட்டின்மேல் நேரடியாகப் பூசுவதற்கு நன்றாக உதவும். தீச்சுடரால் உருக்கி ஒட்டும் தார்ச் சுருள்கள் திறமையான ஆள்களின் கையில் நன்றாக உழைக்கின்றன என்றாலும், எரிவாயு உருளையும் தீச்சுடரும் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கும் வேலையை வகுப்பு நடக்கும் நாள்களில் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பொருளின் அளவைக் கணக்கிடப் பழகிக்கொள்ள வேண்டும். காய்ந்த பிறகு 1 மி.மீ. கனம் வேண்டும், பொருளில் திடப்பகுதி கன அளவில் பாதி என்றால், சதுர மீட்டருக்கு 2 லிட்டர் வேண்டும். 200 சதுர மீட்டருக்கு 400 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளிகள் இருபது. வேலை முடிந்த அன்று காலி வாளிகளை எண்ணிப் பார்த்தால் பூச்சின் கனத்தை யாரும் மறைக்க முடியாது. வாளிகளின் மூடியில் உள்ள தொகுதி எண்ணையும் தயாரிப்பு நாளையும் குறித்துவைப்பது பின்னால் உதவும்.

இயங்கும் கட்டடத்தில் வேலை செய்யும் ஒழுங்கு

தொந்தரவைக் குறைப்பது என்பதைச் சத்தத்தையும் தூசியையும் குறைப்பது என்று மட்டும் பலர் புரிந்துகொள்கிறார்கள். மாலைக்குள் மூட முடிந்த அளவுக்கு மேல் காலையில் பிரிக்காமல் இருப்பதே அதில் முதன்மையானது. மேல்தளத்தைப் பட்டைபட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையில் பழைய சுருக்கியை எடுத்து, விரிசலை அடைத்து, முதல் பூச்சைக் கொடுத்த பிறகே அடுத்த பட்டையைத் தொட வேண்டும். கோடையிலும் இடியுடன் மழை வரும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை நாள்தோறும் பார்ப்பதோடு, அன்றைய பட்டையைவிடப் பெரிய தார்ப்பாயும் மணல் மூட்டைகளும் மாடியிலேயே தயாராக இருக்க வேண்டும். தார்ப்பாயை உயர்ந்த பக்கத்திலிருந்து விரித்து, மேல் பாய் கீழ்ப் பாயின்மேல் விழும்படி போட வேண்டும். கற்களை வைத்து அழுத்தினால் காற்றில் பாய் அடித்துக் கற்கள் கீழே விழக்கூடும்.

பட்டைகளின் வரிசையைக் கீழே உள்ள அறைகளின் பயன்பாடு தீர்மானிக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறையை ஒரு நாளும் மூட முடியாது. எனவே இருப்பு அறை, கூட்ட அறை போன்ற அதிகம் பயன்படாத அறைகளின் மேலே முதலில் வேலையை முடித்து, அங்கே மின்சாரமும் தண்ணீரும் இருப்பதை உறுதிசெய்து, பிரசவ அறையை அங்கே மாற்றிய பிறகே அதன் மேல்தளத்துக்குப் போக வேண்டும். முதலில் சரியான அறை அடுத்த அறைக்கு மாற்றிடமாகிவிடும். பள்ளியிலும் இதே முறையில் ஒரு வகுப்பறையைக் காலியாக வைத்துக்கொண்டு மற்ற வகுப்புகளைச் சுழற்றலாம். நூலகத்தில் புத்தக அடுக்குகளை நகர்த்துவது பெரும் வேலை என்பதால், அவற்றை அறையின் நடுவுக்குத் தள்ளிப் பாலித்தீன் தாளால் மூடி, அதன் மேலே உள்ள பட்டையை மிகச் சிறியதாக எடுத்துக்கொள்வது நல்லது.

உடைக்கும் வேலையைப் பள்ளி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சனிக்கிழமைகளிலும் வைத்துக்கொண்டு, பூசுவது, கழுவுவது, அளப்பது போன்ற ஓசையில்லாத வேலைகளை வகுப்பு நேரத்துக்கு ஒதுக்கலாம். பொதுத் தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உடைப்பதைப் பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது. சுருக்கியை உளியும் சம்மட்டியும் கொண்டு எடுப்பது மெதுவாகத் தோன்றினாலும், அதிரும் இயந்திரத்தால் உடைத்தால் பழைய காங்கிரீட் தளத்தில் புதிய விரிசல்கள் தோன்றும். அந்த அதிர்ச்சியில் கீழ்ப்பக்கக் காரையும் உதிரும். ஆகவே உடைக்கும் பட்டையின் நேர் கீழே உள்ள அறையில் யாரும் இருக்கக் கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

எடுத்த சுருக்கியின் அளவு புதியவர்களைத் திகைக்க வைக்கும். 200 சதுர மீட்டரில் 100 மி.மீ. கனம் என்றால் 20 கனமீட்டர், எடை ஏறத்தாழ 36 டன். அதை மாடியிலேயே ஒரு மூலையில் குவித்தால் அந்த மூலை உட்காரும். அன்றன்று எடுத்ததை அன்றன்றே கீழே இறக்க வேண்டும். இறக்கும்போது மேலிருந்து வீசாமல் மூடிய சரிவுக் குழாய் வழியாகவோ சாக்கில் கட்டிக் கயிற்றாலோ இறக்க வேண்டும். இறங்கும் இடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பும், பிள்ளைகள் நடக்கும் பாதையின்மேல் பாதுகாப்பு வலையும் வேண்டும். லாரி வரும் நேரம் பள்ளி விடும் நேரமாக இருக்கக் கூடாது. மாலையில் ஏணியை எடுத்துப் பூட்டிவைத்து, மாடிக் கதவையும் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போவதை ஒப்பந்ததாரரின் பொறுப்பாக எழுத வேண்டும். மாடியின் விளிம்பில் வேலை செய்பவர்களுக்கு இடுப்புப் பட்டையும் கயிறும் கொடுப்பதும் அதே பொறுப்பில் சேரும்; கூலிக்கு வரும் சித்தாளின் உயிருக்கும் இந்த மதிப்பீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும்.

ஓரங்கள், பிறகு பரப்பு

சுருக்கியை எடுத்த பிறகு வெளிப்படும் காங்கிரீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, விரிசல்களை வாய் அகலமாக வெட்டிப் பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். மெல்லிய விரிசல்களில் துளையிட்டு எபாக்சி அல்லது சிமெண்ட் பாலைச் செலுத்தலாம். செடி முளைத்த இடங்களில் தண்டை மட்டும் வெட்டிவிடுவதால் பயனில்லை. அரசும் ஆலும் கைப்பிடிச் சுவருக்குள் வேர் ஓட்டியிருக்கும். அந்தப் பகுதிச் செங்கலைப் பிரித்து வேரை எடுத்துவிட்டு மீண்டும் கட்டுவதே தீர்வு.

தளமும் கைப்பிடிச் சுவரும் வெயிலில் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்குவதால், அவை சேரும் மூலை எப்போதும் பிளக்கப் பார்க்கும். அந்த மூலையைச் செங்கோணமாக விடாமல், கலவையால் சாய்வுப் பட்டை வைத்து மழுக்கிவிட்டு, பூச்சைச் சுவரில் குறைந்தது 150 மி.மீ. உயரம் ஏற்றி, சுவரில் வெட்டிய காடிக்குள் அதன் முனையைச் செருகி அடைக்க வேண்டும். மூலை நெடுகிலும் குழாய் வாய்களைச் சுற்றியும் இரண்டு பூச்சுகளுக்கு நடுவே கண்ணாடி இழை வலை வைப்பது அவசியம். கைப்பிடிச் சுவரின் தலைப்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் அதன் உள்ளே இறங்கிப் பூச்சின் பின்பக்கமாக வந்துவிடும் என்பதால், தலைப்புப் பூச்சையும் உட்புறமாகச் சரித்துப் புதுப்பிக்க வேண்டும்.

பரப்பைப் பூசுமுன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு மீட்டர் சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் ஒட்டி மறுநாள் காலை வரை விட்டால், அதன் அடியில் நீர்த்துளி கோத்திருக்கிறதா என்று தெரியும். கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. அதன்மேல் பாலியூரித்தேன் பூசினால் கொப்புளம் எழும். மே மாத நண்பகல் வெயிலில் சூடேறிய தளத்தில் பூச்சு தன் வேலையைத் தொடங்குமுன்பே தோல் கட்டிவிடும். அதிகாலையில் பூசுங்கள். இரண்டாம் பூச்சை முதலாவதற்குக் குறுக்குத் திசையில், முடிந்தால் வேறு நிறத்தில் பூசினால் விட்டுப்போன இடங்கள் பளிச்சென்று தெரியும்.

தண்ணீர் கட்டிப் பார்த்தல்

தட்டோடு பதிக்கும் முன் தண்ணீர் கட்டிப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. குழாய் வாய்களை அடைத்து, சிறு வரப்புகளால் தளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, 25 முதல் 50 மி.மீ. வரை தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். 50 மி.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை என்பதால், பலவீனமான தளத்தில் இதைச் செய்யாமல் குழாயால் தொடர்ந்து தெளித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மட்டம் குறைந்தால் கசிவா, ஆவியானதா என்ற குழப்பம் வரும். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி அருகிலேயே வைத்து, வாளியில் எவ்வளவு குறைந்தது, தளத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டால் போதும். கீழே உள்ள அறைகளில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூரையின் அடிப்பகுதியைக் காலையிலும் மாலையிலும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

இந்தச் சோதனையின் முடிவையும், மறைந்துபோகும் ஒவ்வோர் அடுக்கின் அளவையும் படத்துடன் அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகுதான் அடுத்த அடுக்குக்கு அனுமதி தர வேண்டும். பிறகு தட்டோட்டை 1:3 சிமெண்ட் கலவையில் நீர்த்தடுப்புச் சேர்மானம் கலந்து பதித்து, இடுக்குகளை முழு ஆழத்துக்கு அடைக்க வேண்டும். அந்தச் சேர்மானத்துக்கான தரம் ஐ.எஸ். 2645. வேலையில் தெரியவரும் குறையை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஒப்பந்தத்தில் குறைந்தது ஒரு முழு வடகிழக்குப் பருவமழையை உள்ளடக்கியிருக்கிறதா என்று கையெழுத்திடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேக்கு உத்திரம் கொண்ட பழைய கட்டடங்கள்

ஆங்கிலேயர் காலத்து வட்டாட்சியர் அலுவலகங்களும் பள்ளிகளும் சிலவற்றில் காங்கிரீட்டே இருக்காது. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்துவாக்கில், மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கி, அதன்மேல் சுருக்கியும் தட்டோடும் போட்ட மெட்ராஸ் டெரஸ் வகை அது. மேலே சொன்ன நவீனப் பூச்சுகளை அங்கே கொண்டுபோகக் கூடாது. சுண்ணாம்புக் கட்டுமானம் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. மேலே காற்றுப் புகாத படலம் போட்டு மூடினால் ஈரம் கீழே இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனைகளைச் செல்லுக்கும் மக்கலுக்கும் கொடுத்துவிடும். உத்திர முனைகளைத் துளையிட்டுப் பரிசோதித்து, உடைந்த தட்டோட்டை மட்டும் மாற்றி, சுண்ணாம்பிலேயே இடுக்கடைத்து, குழாய்களைச் சீராக்கினால் பெரும்பாலான ஒழுகல் நின்றுவிடும். அதற்கு மேலும் வேலை இருந்தால் பழங்கட்டடப் பாதுகாப்பில் பழக்கமுள்ள பொறியாளரை அழைக்க வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

ஒப்படைக்கும் நாளில் தலைமையாசிரியரையோ மருத்துவ அலுவலரையோ மாடிக்கு அழைத்துப்போய், குழாய் வாய்கள் எங்கே, நிரம்பு துளை எங்கே, வலைத் தொப்பியைக் கழற்றுவது எப்படி என்று நேரில் காட்ட வேண்டும். செப்டம்பர் மூன்றாவது வாரத்திலும், பருவமழையின் முதல் பெருமழைக்குப் பிறகும் சருகை அகற்றிக் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது கட்டடத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் நிலையான பதிவாக இருக்கட்டும். முளைக்கும் செடியை விரல் நீளத்திலேயே பிடுங்கிவிடலாம்.

மேல்தளத்தைப் பிற்பாடு கெடுப்பது பெரும்பாலும் மழையாக இருக்காது. சூரிய மின்தகடு பொருத்த வருபவர், கண்காணிப்புக் கேமராவுக்குக் கம்பி இழுப்பவர், விழாவுக்குப் பந்தல் போடுபவர் என ஒவ்வொருவரும் தளத்தில் ஆணியோ போல்ட்டோ அடித்துவிட்டுப் போவார்கள். தளத்தில் துளை போடாமல் காங்கிரீட் பீடத்தின்மேல்தான் எதையும் நிறுத்த வேண்டும், கம்பிகளைக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மாடிக் கதவின் உட்புறத்தில் எழுதிவைத்து, பொறியாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் மாடிச் சாவியை யாருக்கும் கொடுக்காமல் இருக்க வேண்டும்.